என்ஜின் பிளாக்கில் கசியும் கோர் பிளக்குகளை மாற்றும் முறை

வார்ப்பு இரும்பு என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வரிசையாக அமைந்திருக்கும் வட்ட வடிவ உலோக மூடிகளைக் கோர் பிளக் என்றும், வெல்ஷ் பிளக் என்றும், ஃப்ரீஸ் பிளக் என்றும் பட்டறைகளில் அழைக்கிறார்கள். பிளாக்கை வார்க்கும்போது, சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய வெற்றிடத்தை உருவாக்க மணலால் ஆன அச்சை உள்ளே நிறுத்துவார்கள். அந்த மணல் அச்சைத் தாங்கி நிறுத்தவும், வார்ப்பு ஆறியபின் மணலை உதிர்த்து வெளியேற்றவும் பிளாக்கின் சுவரில் துளைகள் தேவைப்படுகின்றன. பின்னர் அத்துளைகளைக் கடைந்து, மெல்லிய தகட்டு மூடிகளை இறுக்கமாக அடித்து அடைத்துவிடுகிறார்கள். குளிர்நாடுகளில் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும்போது இந்த மூடி தெறித்து வெளியேறி, பிளாக் வெடிக்காமல் காப்பதும் உண்டு. ஆனால் அது எப்போதும் நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பிளக் அசையாமல் இருக்கப் பிளாக்கே பிளந்துபோவதும் உண்டு.

நம் ஊர் வெப்பத்தில் இந்தப் பிளக்குகள் கெடுவதற்கு உறைபனி காரணமல்ல, துருவே காரணம். கூலண்டை, அதாவது என்ஜினைக் குளிர்விப்பதற்கான திரவத்தை, ஊற்றாமல் குழாய்த் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றிவரும் வழக்கம் பழைய கார்களில் இன்றும் நீடிக்கிறது. அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு படிவாகத் தங்குகிறது. அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் எதுவும் இல்லாததால் பிளாக்கின் உட்சுவர் துருப்பிடித்து, அந்தத் துரு சேறாக அடியில் படிகிறது. பிளாக்கின் சுவர் பல மில்லிமீட்டர் தடிமன் கொண்டது என்பதால் பல்லாண்டுகள் தாங்கும். ஆனால் பிளக் மெல்லிய இரும்புத் தகடு. துரு அதை உள்ளிருந்து அரித்துக்கொண்டே வந்து, ஒருநாள் ஊசிமுனை அளவில் வெளியே எட்டிப்பார்க்கிறது. ஆகவே ஒரு பிளக் ஒழுகத் தொடங்கினால், அதே வயதுடைய மற்றப் பிளக்குகளும் உள்ளே ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும் என்று கொள்ள வேண்டும். இந்த வேலையை எந்த அளவில் செய்வது என்பதை முடிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

கசிவை உறுதிசெய்தல்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் உடனே கோர் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஹோஸ் குழாய், வாட்டர் பம்ப், ஹீட்டர் குழாய், பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் ஆகியவையும் அதே அறிகுறியைத் தரும். கோர் பிளக் கசிந்தால், பிளக்கின் கீழ் விளிம்பிலிருந்து பிளாக்கின் சுவர் வழியே செம்பழுப்பு நிறக் கறை ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருக்கும். கூலண்ட் ஊற்றியிருந்தால் அதன் சாயம் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். பிளாக்கின் பின்முகத்தில் உள்ள பிளக் கசிந்தால், தண்ணீர் கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியில் சொட்டும். அந்த இடத்தில் சொட்டுவது எண்ணெயாக இருந்தால் அது வேறு கதை. சில என்ஜின்களில் கேம்ஷாஃப்டின் பின்முனையை மூடும் தகடும் பார்ப்பதற்குக் கோர் பிளக் போலவே இருக்கும். அதன் பின்னால் தண்ணீர் இல்லை, எண்ணெய்தான் உண்டு.

ஐயம் தீர வேண்டுமானால் கூலிங் அமைப்புக்கான பிரஷர் டெஸ்டரை ரேடியேட்டர் மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை கையால் பம்ப் செய்து, அதற்கு மேல் ஏற்றாமல், சிறிது நேரம் காத்திருந்து டார்ச் விளக்கால் ஒவ்வொரு பிளக்காகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இந்த அழுத்தம் 13 முதல் 16 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளக்கின் மீது 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் செலுத்தும் விசையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 முதல் 12 கிலோ எடைக்குச் சமமாக வரும். துருப்பிடித்த பிளக்கின் மேல் எம்-சீல் பூசுவதும், ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடுவதும் வண்டியை வீடு சேர்ப்பதற்கு மட்டுமே ஏன் உதவும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். மஞ்சள் தூள் கசியும் ஓட்டையைத் தேடிப்போய் மட்டும் அடைப்பதில்லை; ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் சேர்ந்து அடைக்கும். அவசரத்திற்குப் போட்டிருந்தால், பிளக்கை மாற்றும்போது அமைப்பு முழுவதையும் கழுவியே ஆக வேண்டும்.

எத்தனை பிளக்குகளை மாற்றுவது

பிளக்கின் விலை மிகக் குறைவு. உழைப்பெல்லாம் அதை எட்டுவதில்தான் இருக்கிறது. சைலன்சர் மேனிஃபோல்ட் (என்ஜினின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி), ஸ்டார்ட்டர் மோட்டார், என்ஜின் மவுண்ட், ஏ.சி. கம்ப்ரஸர் ஆகிய ஏதாவது ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றினால் அதன் கேஸ்கட்டையும் புதிதாக வாங்க வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்டுகள் முறியாமலிருக்க முந்தைய நாளே துரு தளர்த்தும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுவது நல்லது. இவ்வளவையும் கழற்றிய பின் கசியும் ஒரு பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது, சில மாதங்களில் அதே வேலையை மறுபடியும் செய்ய ஒப்புக்கொள்வதற்குச் சமம். கை எட்டும் பக்கத்திலுள்ள எல்லாப் பிளக்குகளையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பின்முகத்தில் உள்ள பிளக்கை மாற்றக் கியர்பாக்ஸையும் கிளட்சையும் ஃபிளைவீலையும் இறக்க வேண்டியிருக்கும். ஆகவே கிளட்ச் வேலைக்காக எப்போது கியர்பாக்ஸ் இறங்குகிறதோ, அப்போது அந்தப் பிளக் கசியாவிட்டாலும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பிளக் வாங்கும்போது இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது கிண்ண வகை: ஆழம் குறைந்த கிண்ணத்தைப் போல விளிம்புச் சுவருடன் இருக்கும், துளைக்குள் நேராக அடித்து இறக்கப்படும், சுவர் முழுவதும் துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தட்டு வகை: லேசாகக் குவிந்த வட்டத் தகடு, துளைக்குள் கடைந்திருக்கும் படியின் மேல் அமர்ந்து, நடுவில் அடிக்கும்போது தட்டையாகி விளிம்பு விரிந்து இறுகும். இன்றைய கார்களில் பெரும்பாலும் முதல் வகையே உண்டு. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பைச் சேர்ந்த என்ஜின்களில் இரண்டாம் வகையைக் காணலாம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

உலோகத்தில் இரும்பும் பித்தளையும் எளிதில் கிடைக்கும். பித்தளை துருப்பிடிக்காது என்பதால் சம அளவில் கிடைத்தால் அதையே வாங்கலாம். ஆனால் இரும்பைவிட மென்மையானது என்பதால் அடிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். அளவை வண்டியின் மாடலை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. பழைய பிளக்கை எடுத்தபின் வெர்னியர் காலிப்பரால் துளையை மூன்று நான்கு திசைகளில் அளந்து, புதிய கிண்ணத்தின் வெளி விளிம்பு துளையைவிடச் சிறிதளவு பெரிதாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். கை அழுத்தத்திலேயே உள்ளே போய்விடும் பிளக் பயன்படாது. முன்பு யாராவது துளையைச் சுரண்டிப் பெரிதாக்கியிருந்தால், கடைகளில் சற்றுப் பெரிய அளவில் கிடைக்கும் ஓவர்சைஸ் பிளக்கைத் தேட வேண்டும். பழைய கார்களுக்கான பிளக்குகளுக்குச் சென்னையில் உள்ளவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் பழைய பிளக்கையும் அளவையும் கொண்டுபோய்க் கேட்பது வழக்கம்.

வடித்தலும் எடுத்தலும்

என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். இதில் எந்த விதிவிலக்கும் கிடையாது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடியில் படுக்க வேண்டுமானால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளின் மீது நிறுத்த வேண்டும். பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயையும் பிளாக்கில் உள்ள வடிகால் திருகையும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். பழைய பிளாக்குகளில் திருகைக் கழற்றியும் ஒரு சொட்டுக்கூட வராதிருக்கலாம். உள்ளே தண்ணீர் இல்லை என்று அதற்குப் பொருளில்லை, சேறு அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தி வழி ஏற்படுத்தவில்லையென்றால், பிளக்கைத் திறந்ததும் அத்தனையும் கை மேலும் முகத்தின் மேலும் கொட்டும். வடித்த கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம். அது உயிரைக் கொல்லும் நஞ்சு. பாத்திரத்தை மூடி வைக்கவும், சாக்கடையில் ஊற்றாமல் இருக்கவும் வேண்டும்.

கிண்ண வகைப் பிளக்கை எடுக்க, முனை மழுங்கிய பஞ்ச் ஒன்றைக் கிண்ணத்தின் அடித்தகட்டில், சுவரை ஒட்டிய ஓர் ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். அந்த ஓரம் உள்ளே போக, எதிர் ஓரம் வெளியே எழும்பி, பிளக் தன் அச்சில் சுழன்று குறுக்காக நிற்கும். உடனே பிளையரால் அதன் விளிம்பைப் பற்றி வெளியே இழுத்துவிடலாம். ஒரே அடியில் முடிக்க நினைத்துப் பலமாக அடித்தால் பிளக் முழுவதும் உள்ளே விழுந்துவிடும். சிறு சிறு தட்டல்களே போதும். அப்படியும் விழுந்துவிட்டால் அங்கேயே விட்டுவிடக் கூடாது. தண்ணீரோட்டத்தை மறித்து அந்த இடத்தைச் சூடாக்கும். இரும்புப் பிளக்காக இருந்தால் காந்தக் கம்பியால் இழுத்துக்கொள்ளலாம். பித்தளையைக் காந்தம் பிடிக்காது என்பதால் நீண்ட மூக்குப் பிளையரால்தான் எடுக்க வேண்டும்.

சில என்ஜின்களில் பிளக்குக்குப் பின்னால் சிலிண்டர் சுவர் மிக அருகில் இருப்பதால் பிளக் சுழல இடம் இருக்காது. அங்கே பிளக்கின் நடுவில் சிறு துளை போட்டு, தகட்டுத் திருகு ஒன்றை இறுக்கமாக முறுக்கி, அதைப் பிடித்து, கம்பியில் சறுக்கும் எடையால் வெளிநோக்கி அடித்து இழுக்கும் ஸ்லைடு ஹேமரால் வெளியே இழுப்பதே சரியான வழி. தகடு துளைபட்டதும் டிரில் திடீரென்று உள்ளே பாயும்; சிலிண்டர் சுவரைத் தொட்டுவிடாமலிருக்க டிரில் பிட்டின் முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி டேப் சுற்றி எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். தட்டு வகைப் பிளக்கையும் இவ்வாறே துளையிட்டு நெம்பி எடுக்கலாம். எந்த முறையானாலும் கூரிய ஸ்க்ரூடிரைவரைத் துளையின் விளிம்பில் ஊன்றி நெம்பக் கூடாது. வார்ப்பு இரும்பில் விழும் ஒரு கீறல், புதிய பிளக்கின் ஓரமாகத் தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் வெட்டித் தந்ததாகிவிடும். அலுமினியப் பிளாக்கானால் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

துளையைத் தயார்செய்தல்

புதிய பிளக் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளக் அல்ல, சரியாகச் சுத்தம் செய்யாத துளை. பிளக்கை எடுத்தவுடன், துளை வழியே தெரியும் உட்பகுதியை முதலில் கவனிக்க வேண்டும். அடிப்பகுதியில் செந்நிறச் சேறு பல சென்டிமீட்டர் உயரத்திற்குப் படிந்திருப்பதைப் பழைய வண்டிகளில் சாதாரணமாகக் காணலாம். குறிப்பாகத் தண்ணீர் மெதுவாக ஓடும் பின்சிலிண்டரைச் சுற்றி அது அதிகம். வளைத்த கம்பியால் அதைக் கிளறி, தோட்டக் குழாயின் அழுத்தத்தில், வெளியே வரும் தண்ணீர் தெளிவாகும் வரை ஒவ்வொரு துளை வழியாகவும் கழுவ வேண்டும். இப்படிக் கழுவுவதற்கு வேறு சந்தர்ப்பம் எளிதில் வாய்க்காது. காரணம் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த என்ஜின் சூடு இந்தக் கழுவலுக்குப் பிறகு இறங்குவதும் உண்டு.

பிறகு துளையின் உட்சுவர். பழைய சீலண்டையும் (கசிவை அடைக்கப் பூசும் பசையையும்) துருவையும் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, 180 முதல் 320 வரையிலான எண்ணுள்ள எமரித் தாளை விரலில் சுற்றி, வட்டத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். உள்ளும் வெளியுமாகத் தேய்த்தால் உண்டாகும் கோடுகள் கசிவுக்கு வழியாகும். பளபளக்கும் வரை தேய்க்க வேண்டியதில்லை. வெற்று உலோகம் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தேய்த்தால் துளை பெரிதாகும். விரல் நுனியால் தடவிப் பார்த்துக் குழி தட்டுப்படும் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆழமற்ற குழிகளைச் சீலண்ட் நிரப்பிவிடும், துளையின் அகலம் முழுவதையும் கடந்து ஓடும் குழி இருந்தால் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளையைக் கடைந்து ஓவர்சைஸ் பிளக் போட வேண்டியிருக்கும். இறுதியாகத் தின்னரோ பிரேக் கிளீனரோ நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் காயவிட வேண்டும். உள்ளே இருந்து தண்ணீர் கசிந்து வந்து துளையை நனைத்துக்கொண்டே இருந்தால், கம்ப்ரஸர் காற்றால் ஊதிக் காயவைத்த பின்பே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

புதிய பிளக்கைப் பொருத்துதல்

சீலண்டில் கருத்து வேறுபாடு உண்டு. கெட்டியாகாமல் பசையாகவே இருக்கும் கேஸ்கட் சீலரையோ, உலோகங்களுக்கு இடையே காற்றில்லாத இடத்தில் இறுகும் ரிடெய்னிங் காம்பவுண்டையோ நான் பரிந்துரைக்கிறேன். சிலிக்கோன் பசை அடிக்கும்போது வழுக்கும் தன்மையைத் தருவதால், அளவு சற்றுத் தளர்ந்த பிளக் அழுத்தத்தில் நழுவி வெளியேற அது துணைபோகும். எதைப் பயன்படுத்தினாலும் துளையின் சுவரிலும் பிளக்கின் வெளிச்சுவரிலும் மெல்லிய பூச்சே போதும். பிளக்கைப் பிடித்து வைத்திருப்பது உலோகத்தின் இறுக்கம். சீலண்ட் நுண்ணிய இடைவெளிகளை அடைக்க மட்டுமே.

பிளக்கை ஃப்ரீசரில் வைத்துச் சுருக்கிப் பின் அடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. 40 மில்லிமீட்டர் இரும்புப் பிளக் 50 டிகிரி குளிர்ந்தால் அதன் விட்டம் ஏறக்குறைய 0.024 மில்லிமீட்டர்தான் குறையும், பித்தளையானால் 0.038 மில்லிமீட்டர். இந்தச் சிறு இலாபத்துக்காக, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த பிளக்கின் மேல் நீர் வியர்த்துச் சீலண்டைக் கெடுப்பதை ஏற்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். எனக்கு அது தேவையென்று தோன்றவில்லை.

கிண்ண வகையில் திறந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். எங்கே அடிப்பது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. கிண்ணத்தின் வெளி விளிம்புதான் அதன் மிகப் பெரிய விட்டம். அங்கேதான் துளையோடு சேர்ந்து அடைப்பு ஏற்படுகிறது. விளிம்பின் மேல் சுத்தியல் பட்டால் அது மடங்கி, பிளக் வீணாகிவிடும். ஆகவே கிண்ணத்துக்குள் தாராளமாக நுழையக்கூடிய, ஆனால் அடித்தகட்டின் ஓரம் வரை படியக்கூடிய சாக்கெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்புறம் எக்ஸ்டென்ஷன் கம்பியைப் பொருத்தி அடிக்க வேண்டும். சாக்கெட் மிகச் சிறியதாக இருந்தால் அடித்தகட்டின் நடுப்பகுதி குழிந்து, சுவர்கள் உள்நோக்கி இழுபட்டு, பிளக்கின் விட்டமே குறைந்துவிடும்.

பிளக்கைத் துளையின் வாயில் நேராக வைத்து, முதல் இரண்டு மூன்று தட்டல்களை மென்மையாகக் கொடுத்து, சுற்றிலும் சமமாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், எதிர்ப் பக்கத்தில் அடித்துச் சரிசெய்ய முயல்வதைவிட வெளியே எடுத்து மறுபடி தொடங்குவதே மேல். விளிம்பு சிதைந்திருந்தால் வேறு பிளக்கைப் போட வேண்டும். நேராக இறங்கத் தொடங்கியபின் உறுதியான அடிகளால், விளிம்பு துளையின் சாய்வு வெட்டைத் தாண்டிச் சற்று உள்ளே போகும் வரை இறக்க வேண்டும். துல்லியமான ஆழத்தை வண்டியின் சர்வீஸ் கையேடு கூறும். கையேடு இல்லாவிட்டால், எடுப்பதற்கு முன் பழைய பிளக் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை அளந்து குறித்துக்கொள்வதே வழி. அதற்கு மேல் இறங்கினால் சுவரின் பிடி குறையும்.

தட்டு வகையில் குவிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். படியின் மேல் சீலண்டைப் பூசி, தகட்டை அமர்த்தி, பெரிய உருண்டை முனைப் பஞ்ச்சை நடுவில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தால் குவிவு தட்டையாகி விளிம்பு சுற்றிலும் விரியும். தட்டையானதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்து எதிர்ப்புறம் குழியச் செய்தால் விரிந்த விளிம்பு மறுபடியும் சுருங்கிப் பிடி தளர்ந்துவிடும்.

சுத்தியல் வீச இடமில்லாத இடங்களுக்கு, வளைந்து திரும்பும் தலையுடைய கோர் பிளக் டிரைவர் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் நுழையாவிட்டால், இரண்டு தகடுகளுக்கு இடையே ரப்பர் வைத்து, நடுவிலுள்ள நட்டை இறுக்கும்போது ரப்பர் விரிந்து அடைக்கும் வகைப் பிளக் உதவும். இதை நிரந்தரத் தீர்வாகக் கருதாமல், என்ஜின் இறங்கும் நாள் வரை தாங்கும் ஏற்பாடாகவே கருத வேண்டும். சைலன்சர் மேனிஃபோல்டின் வெப்பம் நேரடியாகப் படும் இடத்தில் ரப்பர் விரைவில் கெட்டிப்படும்.

நிரப்புதலும் சோதித்தலும்

சீலண்ட் இறுகுவதற்கு அதன் டப்பாவில் குறிப்பிட்ட நேரத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஓர் இரவு விட்டுவைப்பது பாதுகாப்பானது. மேனிஃபோல்டையும் மற்றவற்றையும் மாட்டுவதற்கு முன், முடிந்தால் தண்ணீரை நிரப்பி பிரஷர் டெஸ்டரால் ஒரு முறை அழுத்தம் கொடுத்து 15 நிமிடங்கள் பார்ப்பது, எல்லாவற்றையும் மாட்டியபின் மறுபடியும் கழற்றும் துன்பத்தைத் தவிர்க்கும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, கூலண்டையும் கனிம நீக்கம் செய்த தண்ணீரையும் சம அளவில் கலந்து ஊற்ற வேண்டும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை சாதாரண அழுத்தத்திலேயே 107 அல்லது 108 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் புதிய பிளக்குகளுக்கு அதைவிட முக்கியமானது அதிலுள்ள அரிப்புத் தடுப்புச் சேர்மானம். அது காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால், பழைய பச்சை நிறக் கூலண்டு வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஆறிய என்ஜினை இயக்கி, காற்றுக் குமிழ்கள் அடங்கும் வரை கலவையை நிரப்பிக்கொண்டே வந்து, பின் மூடியை இறுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடானபின் ஒவ்வொரு பிளக்கையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்து அடைபட்டிருக்கும் கசிவு ஆறியபின் வெளிப்படக்கூடும் என்பதால், மறுநாள் காலையில் என்ஜினை இயக்குவதற்கு முன்பும் பிளக்குகளின் கீழ் விளிம்பை உலர்ந்த காகிதத் துண்டால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் ரிசர்வ் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, ஆறிய நிலையில் அது இறங்குகிறதா என்று தினமும் கவனித்து வர வேண்டும். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதல் ஓரிரு நாட்களில் சிறிதளவு இறங்குவது இயல்பே, அதன் பிறகும் இறங்கினால் டெஸ்டரை மறுபடியும் மாட்ட வேண்டும்.